டோக்கியோவில் மூன்று குளங்கள்: சகுரா வாரத்துக் குறிப்புகள்

வியாழன் மாலை, உயெனோ

நரித்தா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் கெய்செய் உயெனோ ஸ்டேஷன். தரைக்கடியில் இருக்கும் அந்த ஸ்டேஷனின் இகெனோஹாதா வாசல் வழியாக மேலே ஏறினால் ஷினோபாசு குளம் எதிரிலேயே இருக்கிறது. அடுத்த விமானத்துக்கு ஏழெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியவர்கள்கூட இந்தக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பலாம். பெட்டியை மட்டும் ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிடுங்கள். பெரிய லாக்கர்கள் சகுரா (செர்ரிப் பூ) வாரத்தில் முற்பகலிலேயே நிரம்பிவிடும். காலையில் இறங்குபவர்களுக்குத்தான் இடம்.

ஜேஆர் ரயிலில் வருபவர்கள் வாசலைப் பார்த்து வெளியேற வேண்டும். உயெனோ பெரிய சந்திப்பு, தப்பான வாசலில் இறங்கினால் கடைத்தெருவில் போய் நிற்போம். ஷினோபாசு வாசலில் வந்தால் ஐந்து நிமிடத்தில் குளத்தின் தென்கிழக்கு மூலை. பூங்கா வாசலில் வந்தால் குன்றின் மேல் இருப்போம், பிறகு படியிறங்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்குப் பூங்கா வாசலே நல்லது. ஏன் என்பது நாளைய குறிப்பில்.

குளம் சுமார் 2 கிலோமீட்டர் சுற்றளவு. நடுவில் ஒரு தீவு. தீவிலிருந்து கிளம்பும் கரைகள் குளத்தை மூன்றாகப் பிரிக்கின்றன: தெற்கே தாமரைக் குளம், மேற்கே படகுக் குளம், வடக்கே நீர்க்காகக் குளம். மூன்றாவது உயெனோ மிருகக்காட்சி சாலையின் வேலிக்குள் போய்விடுகிறது. அதைக் கரையோடு பார்க்க 600 யென் டிக்கெட் வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. ஆகையால் காசில்லாமல் நடக்கக்கூடியது தாமரைக் குளத்தையும் படகுக் குளத்தையும் எட்டு வடிவில் சுற்றும் வழிதான். நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரம் போதும்.

மார்ச் கடைசியில் தாமரைக் குளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாமரை என்றதும் பூவை நினைத்து வருபவர்கள் காண்பது போன வருடத்துக் காய்ந்த தண்டுகளும் சேறும் மட்டுமே. புது இலை மே மாதத்தில் எழும்பும், பூ ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை. அதுவும் விடிந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு இந்தக் காய்ந்த காலமே நல்ல காலம், மறைக்க இலை கிடையாது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த வாத்துகள் கிளம்பும் நேரம் இது. ஊசிவால் வாத்து முதலில் குறையும். தலைக்குப் பின்னால் குடுமி தொங்கும் கறுப்பு வெள்ளை வாத்து ஏப்ரலிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நாமக்கோழி நிச்சயம் கண்ணில் படும். தீனி போடுவது தடை. கரையெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள்.

மரங்கள் இன்று முக்கால்வாசி பூத்திருக்கின்றன. டோக்கியோவில் பூத்துவிட்டது என்று அறிவிப்பது வானிலைத் துறை. யாசுகுனி ஆலயத்தில் இதற்கென்று ஒரு மரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ விரிந்தால் 'பூப்பு தொடங்கியது', எண்பது சதவீதம் விரிந்தால் 'முழுப்பூ'. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி தொடக்கம் மார்ச் 24, முழுப்பூ மார்ச் 31. சராசரியை நம்பி மட்டும் டிக்கெட் போடக் கூடாது. பிப்ரவரி, மார்ச் வெப்பத்தைப் பொறுத்து ஒரு வாரத்துக்கு மேலும் முன்பின்னாகும். முழுப்பூவுக்கு மறுநாள் போய்ச் சேர்வதைவிட இரண்டு நாள் முன்னதாகப் போவது பாதுகாப்பு. பூ கூடும், குறையாது.

ஊர் முழுக்க ஒரே நாளில் பூப்பதற்குக் காரணம் எளிது. சோமெய்-யோஷினோ என்ற இந்த வகை முழுக்க முழுக்க ஒட்டுக்கட்டி வளர்த்தது. எல்லா மரமும் மரபணுவில் ஒரே மரம், ஒரே வெப்பத்துக்கு ஒரே மாதிரி விழித்துக்கொள்கின்றன.

இரவில் காகித விளக்குகள் ஏற்றுகிறார்கள். பகலில் 15 டிகிரி இருந்தாலும் சூரியன் போனதும் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும், குளத்துக் காற்று வேறு. ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகளாக உடுத்துவது உத்தமம்.

வெள்ளி காலை, உயெனோ மறுபடியும்

எட்டு மணிக்கு முன்பே வந்தால் குளம் உள்ளூர்க்காரர்களுக்குச் சொந்தம். பத்து மணிக்குப் பிறகு கூட்டத்தோடு நகர வேண்டியதுதான்.

பூங்கா வாசலில் இறங்கி, குன்றின் விளிம்பில் நிற்கும் கியோமிசு கன்னோன் கோயிலுக்குப் போங்கள். 1631இல் கட்டி, 1694இல் இப்போதைய இடத்துக்கு மாற்றிய கோயில். அதன் மேடைக்கு முன்னால் கிளையை முழு வட்டமாக வளைத்து வளர்த்த பைன் மரம் இருக்கிறது. ஓவியர் ஹிரோஷிகே தன் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரக் காட்சிகளில் வரைந்த மரம் புயலில் போய்விட்டது. இப்போது இருப்பது 2012இல் மறுபடி உருவாக்கியது. அந்த வட்டத்துக்குள் கண்ணை வைத்தால் கீழே தீவுக் கோயிலின் கூரை சரியாக நடுவில் வந்து உட்காரும். தீவுக் கோயில் கிழக்கு பார்த்தது, காலை வெயில் முகப்பில் விழும். இதே படத்தைச் சாயங்காலம் எடுத்தால் சூரியன் எதிரே நின்று கோயிலைக் கறுப்பாக்கிவிடும். பூங்கா வாசலைச் சொன்னது இதற்காகத்தான்.

அங்கிருந்து படியிறங்கிச் சாலையைத் தாண்டினால் தீவுக்குப் போகும் பாதை. இது இயற்கைத் தீவு அல்ல. 1625இல் தெங்காய் என்ற துறவி இந்தக் குன்றில் கானெய்ஜி கோயிலை நிறுவினார். கியோத்தோவுக்கு ஹியெய் மலையும் பிவா ஏரியும் எப்படியோ, எடோவுக்கு இந்தக் குன்றும் இந்தக் குளமும் அப்படி என்று கணக்குப் போட்டார்கள். பிவா ஏரியில் சிக்குபு என்ற தீவில் பென்சாய்தென் கோயில் உண்டு. அதனால் இங்கேயும் மண் கொட்டித் தீவு எழுப்பி அவளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொடக்கத்தில் பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும்.

பென்சாய்தென் வேறு யாரும் இல்லை, நம் சரஸ்வதி. சமஸ்கிருத நூல்கள் சீன மொழிக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்கு வந்தபோது அவளும் கூடவே வந்தாள். வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பிசைக் கருவி. கல்வி, இசையோடு இங்கே செல்வத்தையும் அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். இந்தக் கோயிலில் இருப்பது எட்டுக் கைகளோடு ஆயுதம் ஏந்திய வடிவம். வெளியே பாம்பு உடலும் கிழவர் தலையுமாக உகாஜின் என்ற தெய்வத்தின் கற்சிலை. அவளோடு இங்கே சேர்த்து வணங்கப்படுபவர்.

இது புத்தக் கோயில், கை தட்டக் கூடாது. காசு போட்டு, கைகூப்பி, தலை குனிந்தால் போதும். கைகழுவும் தொட்டியில் வரிசை உண்டு: வலக்கையில் அகப்பையை எடுத்து இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, இடக்கையில் ஊற்றி வாய் கொப்பளித்து, கடைசியில் அகப்பையை நிமிர்த்திக் காம்பில் நீர் வழியவிட்டு வைக்க வேண்டும். ஒரே அகப்பைத் தண்ணீரில் இவ்வளவும் முடியும். அகப்பையில் நேராக வாய் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

இப்போதிருக்கும் கட்டடம் 1958இல் எழுந்தது. பழையது 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. போர் முடிந்த பஞ்ச காலத்தில் குளத்தை வற்றவிட்டு நெல் நட்டார்கள். அதற்கும் முன்னால், 1884 முதல் 1892 வரை குளத்தைச் சுற்றிக் குதிரைப் பந்தயம் ஓடியது. இன்று நீங்கள் நடக்கும் வட்டத்தில்தான் குதிரைகள் ஓடின.

பெரும்பாலோர் கோயிலைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்படாமல் கோயிலைச் சுற்றி வாருங்கள். தீவில் இங்குமங்கும் நினைவுக் கற்கள். ஒன்று மூக்குக்கண்ணாடிக்கு, கல்லிலேயே கண்ணாடி செதுக்கியிருக்கிறது. இன்னொன்று சமையல் கத்திக்கு. விசிறிக்கு ஒன்று, நாள்காட்டிக்கு ஒன்று, இசைக்கருவியின் நரம்புக்கு ஒன்று. சாப்பிட்ட உயிர்களுக்கும் உண்டு: பொதுவாக மீனுக்கு, பறவைக்கு, ஆமைக்கு, விஷமுள்ள ஃபுகு மீனுக்குத் தனியாக. அந்தந்தத் தொழில்காரர்கள் நன்றிக்கடனாக நிறுத்தியவை. சரஸ்வதி வாசலில் கத்திக்கும் கண்ணாடிக்கும் கல் நட்டிருப்பதைப் பார்த்தால் நவராத்திரியில் புத்தகத்துக்குப் பக்கத்தில் அரிவாள்மணையும் ரிஞ்சும் வைத்துச் சந்தனப் பொட்டிடும் ஆயுத பூஜைதான் ஞாபகம் வரும். இதற்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குளத்தில் தமிழர்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் சகுரா மரத்தடி அல்ல, இந்தக் கற்களின் நடுவேதான்.

தீவிலிருந்து படகுக் குளத்தை ஒட்டிப் போகும் கரையில் இரு பக்கமும் மரங்கள். படகு பத்து மணிக்குத்தான் தொடங்கும். துடுப்புப் படகு, மிதிப் படகு, அன்னப் படகு என்று மூன்று வகை. அன்னப் படகுக்கு மேலே கூரை இருப்பதால் தலைக்கு மேலே பூ தெரியாது. பூ பார்ப்பதற்குத் துடுப்புப் படகே சரி. துடுப்புப் படகில் வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். பழகாதவர்கள் இதை மறந்து அடுத்த படகில் மோதுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

தரையைக் கவனியுங்கள். ஐந்து இதழும் சேர்ந்த முழுப் பூவாகக் கீழே கிடந்தால் அது காற்றின் வேலை அல்ல, சிட்டுக்குருவியின் வேலை. அலகு குட்டையாக இருப்பதால் அதற்குத் தேனை முன்பக்கத்திலிருந்து எடுக்கத் தெரியாது, அடியைக் கடித்துவிட்டுப் பூவைக் கீழே போட்டுவிடும். இதழ் இதழாக விழுந்தால்தான் பூ முற்றியது என்று அர்த்தம். பூவின் நடுப்பகுதி சிவந்து வருவதும் அதே அறிகுறி. சிவந்த மரம் அடுத்த பலத்த காற்றைத் தாங்காது.

சாப்பாடு. தீவுப் பாதையில் வண்டிக்கடைகள் வரிசையாக நிற்கும். சைவர்களுக்குத் தெரிய வேண்டியது: தகோயாகியில் ஆக்டோபஸ், யாகிசோபாவில் பெரும்பாலும் பன்றி, ஓகோனோமியாகிக்கு மேலே தூவுவது மீன் சீவல். வெண்ணெய் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு பயமில்லாமல் வாங்கலாம். இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என்று குச்சியில் கோத்த மூன்று நிற தாங்கோ அரிசி மாவு உருண்டைதான். பழுப்புப் பாகு ஊற்றிய தாங்கோவில் சோயாவோடு சிலர் மீன் சாறு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சகுராமோச்சி கிடைத்தால் விடாதீர்கள்: மெல்லிய மாவுத் தோலுக்குள் இனிப்புப் பயற்றுப் பூரணம், வெளியே உப்பில் ஊறிய சகுரா இலை. இலையையும் சேர்த்தே தின்னலாம். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம். காகங்கள் பின்பக்கமாக வந்து கையிலிருப்பதைப் பறிக்கும். குப்பைக்கு ஒரு பை கொண்டுபோங்கள், தொட்டி எளிதில் கிடைக்காது.

சனி, இனோகாஷிரா

ஷிபுயாவிலிருந்து கெய்ஓ இனோகாஷிரா ரயில். எக்ஸ்பிரஸ் கடைசி ஸ்டேஷனான கிச்சிஜோஜிக்கு நேராகப் போய்விடும், அதற்கு முந்தைய இனோகாஷிரா-கோஎன் ஸ்டேஷனில் நிற்காது. சனிக்கிழமைக் கூட்டம் முழுக்கக் கிச்சிஜோஜியில் இறங்கி ஒரே சந்து வழியாகக் குளத்துக்கு இறங்குவதால், சாதாரண ரயிலில் ஏறி இனோகாஷிரா-கோஎன்னில் இறங்குவதே புத்திசாலித்தனம். ஸ்டேஷனிலிருந்து மேற்கே குளத்தின் வால்பகுதிக்கு இரண்டு மூன்று நிமிடம்.

அந்த வாலில்தான் காந்தா ஆறு பிறக்கிறது. குளத்து மதகைத் தாண்டி வரும் அந்த வாய்க்காலை ஒரு எட்டில் தாண்டிவிடலாம். 24.6 கிலோமீட்டர் ஓடி சுமிதா ஆற்றில் சேர்கிறது. எடோ காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் இந்த ஊற்றிலிருந்து போனது. இன்று ஊற்று பலவீனம். சுற்றிலும் ஊர் வளர்ந்து, மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல், நிலத்தடி நீரையும் உறிஞ்சிவிட்டதால் இப்போது ஆழ்கிணற்று நீரை இறைத்துக் குளத்தை நிரப்புகிறார்கள்.

1917இல் திறந்த பூங்கா இது. குளம் நீண்டு ஒடுங்கியது, மேற்கே இரண்டாகக் கிளைக்கிறது. கிளைக்கும் இடத்துக்குக் கிட்டே குறுக்காகப் போகும் நானாய் பாலத்தில் எல்லோரும் நின்று படமெடுப்பார்கள், முட்டுக்கட்டை அங்கேதான். பாலத்தைத் தவிர்த்துத் தென்கரையோடு போங்கள். மரங்கள் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து, கிளை நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். வெளிச்சம் தடையில்லாமல் கிடைக்கும் பக்கம் நீர்ப்பக்கம்தானே. உயெனோவில் பூவை அண்ணாந்து பார்க்கிறோம், இங்கே குனிந்தும் பார்க்கலாம். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள்: சகுராவின் வேர் மேலாக ஓடுவது, ஆயிரம் கால்கள் மிதித்தால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது.

தண்ணீர் தெளிந்திருப்பதற்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது. 2014, 2016, 2018 என்று மூன்று குளிர்காலங்களில் குளத்தை வற்ற இறைத்து, சேற்றைக் காயவிட்டு, ப்ளூகில், பிளாக் பாஸ் போன்ற வெளிநாட்டு மீன்களை அள்ளி எடுத்தார்கள். நம் ஊர்க் குளங்களில் கோடையில் தூர்வாருவதை இவர்கள் குளிரில் செய்கிறார்கள். முதல் தடவை வற்றியபோது அடியிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் வந்தன. வெளிச்சம் சேற்றுக்கு எட்டியதும், அழிந்துபோனதாக நினைத்திருந்த, இந்தக் குளத்தின் பெயரையே கொண்ட ஒரு நீர்ப்பாசி 2016இல் தானாக முளைத்தது. விதை போன்ற வித்துகள் சேற்றுக்குள் அத்தனை வருடமும் உயிரோடு கிடந்திருக்கின்றன.

மேற்குக் கிளையின் ஓரத்தில் இங்கேயும் சிவப்பு நிறத்தில் பென்சாய்தென் கோயில், இங்கேயும் பாம்பு உடல் உகாஜின். இதுவும் புத்தக் கோயில்தான். ஜோடியாகப் படகு வலித்தால் அவளுக்குப் பொறாமை வந்து பிரித்துவிடுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு. படகுத்துறையில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் யாரும் நம்புவதாகத் தெரியவில்லை.

தும்மல் ஓயாவிட்டால் சகுராவைக் குறை சொல்லாதீர்கள். அதன் மகரந்தத்தைப் பூச்சிகள்தான் சுமக்கின்றன, காற்றில் பறக்காது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மலைகளிலிருந்து வருவது சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம். முகக்கவசமும், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஒவ்வாமை மாத்திரையும் உதவும். தூக்கம் வராத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிறு

நாள் முழுக்க மழை. நடக்கவில்லை. முழுப்பூவாக இருக்கும் மரம் மெல்லிய மழையைத் தாங்கிவிடும். மழையோடு தெற்கிலிருந்து காற்று சேர்ந்தால்தான் உதிரும். இன்று காற்று இல்லை.

திங்கள், சென்சோகு

கோத்தாந்தா ஸ்டேஷனில் ஜேஆர் ரயிலிலிருந்து தோக்யூ இகெகாமி ரயிலுக்கு மாறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சென்சோகு-இகெ ஸ்டேஷன். மூன்று பெட்டி ரயில். வெளியே வந்தால் எதிரே நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் குளம். சுற்றளவு 1.2 கிலோமீட்டர் அளவில் இருக்கும், சுற்றுலாக்காரர்கள் குறைவு. ஒரே ஒரு குளத்துக்குத்தான் நேரம் என்றால், கூட்டம் பிடிக்காதவர்களை நாங்கள் இங்கேதான் அனுப்புவோம்.

ஸ்டேஷன் பக்கமிருந்து வலக்கையாகப் போனால் கிழக்குக் கரையில் காத்சு கைஷூவின் கல்லறை. 1868இல் ஷோகன் (படைத்தலைவர்) ஆட்சியின் தரப்பில் நின்று, எடோ கோட்டையைப் பேரரசர் படையிடம் சண்டையில்லாமல் ஒப்படைக்கப் பேசி முடித்தவர் இவர். எதிர்த்தரப்பில் பேசியவர் சைகோ தகாமோரி, உயெனோ குன்றில் நாயோடு நிற்கும் வெண்கலச் சிலை அவருடையது. சைகோவுக்கும் இங்கே கல்லறைக்குப் பக்கத்திலேயே ஒரு நினைவுக்கல் உண்டு. கோட்டை தப்பினாலும் அதே வருடம் உயெனோ குன்றில் சண்டை மூண்டு கானெய்ஜியின் பெரும்பகுதி எரிந்தது; முதல் நாள் நடந்த பூங்கா அந்தச் சாம்பலின் மேல் பிறந்தது. கல்லறைக்குக் கிட்டே காத்சு நினைவு அருங்காட்சியகம், 2019இல் திறந்தது. திங்கட்கிழமை மூடியிருக்கும், வேறு நாளில் வாருங்கள்.

வடக்கு மேட்டில் சகுரா மரங்கள் கூட்டமாக இருக்கின்றன, பாய் விரித்து உட்காரலாம். மேட்டுக்குக் கீழே மூன்று வளைவுள்ள மரப்பாலம், பக்கத்தில் சிறு தீவில் பென்சாய்தென். இது ஷிந்தோ ஆலயம், ஆகவே முறை மாறும்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, இன்னொரு முறை குனிய வேண்டும். வாசலில் தோரி (ஷிந்தோ ஆலயத் தூண்வாயில்) இருந்தால் தட்டலாம் என்று பலர் சொல்வார்கள், ஆனால் புத்தக் கோயில் வாசலிலும் சில இடங்களில் தோரி நிற்கும். ஐயமானால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்வதே வழி.

இன்று வடக்கிலிருந்து காற்று. இதழ்கள் நீரின் மேல் படலமாகச் சேர்ந்து தென்கரைக்கு, அதாவது ஸ்டேஷன் பக்கத்துப் படகுத்துறைக்கு ஒதுங்கிவிட்டன. உதிரும் நாட்களில் எந்தக் குளத்துக்குப் போனாலும் முதலில் காற்றின் திசையைப் பாருங்கள், காற்று போய் முட்டும் மூலையில்தான் படலம் கெட்டியாக இருக்கும். காற்று மாறினால் ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். படகு புகுந்தாலும் கிழிந்துவிடும், அதனால் படகுத்துறை திறக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பக்கம் புத்தக் கோயிலொன்றின் வளாகத்தில், 1282இல் நிச்சிரென் என்ற துறவி அங்கியைத் தொங்கவிட்டதாகச் சொல்லும் பைன் மரத்தின் வழிவந்த மரம் நிற்கிறது. அவர் போன வழியில் இருந்த ஊர் இகெகாமி, அங்கேதான் இறந்தார். இதே ரயிலில் ஆறாவது ஸ்டேஷன். அரைநாள் மிச்சமிருந்தால் அங்கே இறங்கிப் பத்து நிமிடம் நடந்து ஹொன்மொன்ஜி கோயிலின் 96 கற்படி ஏறலாம். மேலே 1608இல் கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம் குண்டுவீச்சுக்குத் தப்பி அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியும் சகுரா. படிகள் உயரம் சீராக இல்லாதவை, ஈரமாக இருந்தால் வழுக்கும். இறங்கும்போது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.